பெரிய எழுத்துப் பாட்டு

"இது பாட்டா, கண் டாக்டர் வீட்டு போர்டா?"

ஆராதனை முடிந்ததும் முடியாததுமாகக் கத்தினார் டெல்மர்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. சர்ச் திரையில் பாட்டின் எழுத்து அவ்வளவு பெரிசு; ஒரு தடவைக்கு இரண்டே வார்த்தைதான் வரும். அதைப் பாடிவிட்டு, அடுத்தது வரும்வரை நாற்பது பேரும் வாயைத் திறந்தபடி நிற்க வேண்டும்.

"எல்லாம் ஓசி ப்ரோக்ராம் பண்ற வேலை! யாரோ எழுதி, யார் வேணா எடுத்துக்கோன்னு இன்டர்நெட்ல போட்டது. காசு குடுத்து நல்லதா ஒண்ணு வாங்குங்க!"

"எழுத்தைக் குறைக்க முடியலை, டெல்மர். நான் என்ன பண்ண?" என்றாள் கம்ப்யூட்டர் முன் இருந்த லவோன். முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். சத்தமெல்லாம் அவளுக்குப் பழக்கம்.

பாஸ்டர் கிர்ஸ்டன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். காணிக்கையில் சேர்ந்தது முழுக்க ஹீட்டர் ரிப்பேருக்கு. வடக்கு டகோட்டா குளிரில் ஹீட்டர் இல்லாவிட்டால் ஜெபம் பண்ண ஈ, காக்கா வராது. டெல்மரோ கமிட்டியில் பெரிய தலை. பிடித்தால் உடும்புப் பிடி.

அடுத்த ஞாயிறு சீக்கிரமே வந்து கம்ப்யூட்டரைக் குடைந்தார் பாஸ்டர்.

"லவோன்! எழுத்தோட அளவு இதோ இங்கேயே இருக்கே! முடியாதுன்னீங்க?"

லவோன் அசரவில்லை. "ஒரே ஒரு பாட்டுக்குக் குறைச்சு வைக்கிறேன். நீங்க கடைசி பெஞ்சை மட்டும் பாருங்க."

இரண்டாவது பாட்டுக்கு எழுத்து சின்னதானது. முழுப் பாட்டும் ஒரே திரையில். சபையே குஷியாகப் பாடியது.

டெல்மரின் கட்டைக்குரலை மட்டும் காணோம். கூரை அதிரப் பாடுகிற மனிதர். கடைசி பெஞ்சில் கண்ணை இடுக்கினார். கழுத்தை நீட்டினார். அப்புறம் வாயை மட்டும் சும்மா அசைத்துக்கொண்டு நின்றார்.

பாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. மெல்ல கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தார்.

"எப்பலேர்ந்து?"

"ஈஸ்டர்லேர்ந்து. கண்ணாடின்னு சொன்னா எரிஞ்சு விழுறார். முன்னாடி வந்து உக்காருங்கன்னு சொல்லலாமா? அது அவங்க தாத்தா பெஞ்சு. உயிரே போனாலும் மாற மாட்டார்."

மூன்றாவது பாட்டு. மறுபடி இரண்டிரண்டு வார்த்தை. கடைசி பெஞ்சிலிருந்து கட்டைக்குரல் கிளம்பியது. கூரை அதிர்ந்தது.

முடிந்ததும் டெல்மர் பாய்ந்து வந்தார்.

"ரெண்டாவது பாட்டுக்கு எழுத்து எவ்வளவு லட்சணமா இருந்தது! மூணாவதுக்கு மறுபடி பூதம் மாதிரி! பாஸ்டர், நீங்களே பார்த்துச் சொல்லுங்க. இதைச் சரி பண்ண முடியுமா, முடியாதா?"

லவோன் குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

பாஸ்டர் கிர்ஸ்டன் பீடத்துச் சிலுவைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"முடியவே முடியாது, டெல்மர். காசு குடுத்து வாங்கினாலும் இதே கதிதானாம்!"