ரெண்டு பக்கமும் ஒரே முனை

"எடுத்தவர் யாராக இருந்தாலும் மூன்று மணிக்குள் என் மேசையில் வைத்துவிடவும். கேமராவைப் பார்க்க வைக்க வேண்டாம்."

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போட்டுவிட்டு ஜெயசுதா மணியைப் பார்த்தாள். இரண்டே கால். கேமரா ரெண்டு மாதமாக ஓடவில்லை என்பது அவளுக்கும் தெரியும், குரூப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும்.

வேலம்பாளையத்தில் அந்தப் பனியன் கம்பெனிக்கு அவள்தான் மெர்ச்சண்டைசர்; ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவள். மூன்று மணிக்கு வெளிநாட்டு பையரோடு வீடியோ கால். தொப்பி வைத்த ஸ்வெட்ஷர்ட், பன்னிரண்டாயிரம் பீஸ். இன்றைக்கு ஸாம்பிள் ஓகே ஆகாவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். செல்போனில் பேசிக்கொள்ளலாம் என்றால், அளவுச் சீட்டு முழுக்க லேப்டாப்புக்குள் இருந்தது. லேப்டாப்பில் சார்ஜ் ஒன்பது சதவீதம்.

காணாமல் போனது அதன் ஒயர். நூல் பின்னல் போட்ட சாம்பல் நிற ஒயர். இரண்டு முனையிலும் பளபளவென்று உலோகம், அதில் பொடி எழுத்தில் 100W. காலையில் மேசை மேல்தான் சுருட்டி வைத்திருந்தாள். இப்போது அடாப்டர் மட்டும் சுவரில் தனியாகத் தொங்கியது.

முதலாளி ஆத்தப்பன் கை நிறைய ஒயர்களோடு வந்தார். "இந்தா அம்முணி. கட்டிங்ல நாலு பேருகிட்டப் புடுங்கிட்டு வந்தேன். ஏதாச்சும் ஒண்ணு சேரும்."

ஒரு முனை லேப்டாப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுமுனை பட்டை, அடாப்டரில் நுழையவில்லை. போன் சார்ஜரில் சொருகினார்கள். திரையில் மின்னல் குறி வந்தது. ஆத்தப்பன் திருப்தியாகத் தலையாட்டினார். சார்ஜ் எட்டுக்கு இறங்கியது.

"ஏறுதுன்னு காட்டுது, எறங்குதே?"

"இதுல பத்து வாட்டுதான் வருமுங்க சார். லேப்டாப்புக்கு நூறு வேணும்."

"ஓட்டை ஒண்ணுதானே? மாட்டுனா ஏறோணுமல்லொ?"

"எல் சைஸுன்னு லேபிள் இருந்தா எல்லாம் ஒரே துணிங்களா சார்? ஒண்ணு நூத்திநாப்பது ஜிஎஸ்எம், ஒண்ணு முந்நூத்திருவது. ரெண்டும் மேலுக்குச் சேரும். குளுரு தாங்குமுங்களா?"

ஜிஎஸ்எம் என்றதும் ஆத்தப்பனுக்கு விளங்கிவிட்டது. இருபத்தைந்து வருஷமாகத் துணியின் கனத்தைப் பார்த்துப் பிழைக்கிறவர். ஒயரை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"ஆமா, மெல்லிசுதான்."

அதற்குள் ஸாம்பிள் டெய்லர் ஆறுமுகசாமி எட்டிப் பார்த்தார். பட்டன் போன்காரர், வாட்ஸ்அப் சங்கதி எதுவும் அவருக்கு எட்டாது. "என்னங்க காணாம்?"

"சார்ஜர் ஒயருங்கண்ணா. காலைல இங்கதான் வெச்சேன்."

"நானும் காத்தால ஸாம்பிளுக்குச் சாமான் எடுக்க வந்தனுங்க. சார்ஜர் ஒயரு கண்ணுல படலீங்களே. ஒரு பக்கம் பட்டையா, ஒரு பக்கம் பொடுசா இருக்குமே, அதானுங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் முழங்கால் போட்டு மேசைக்கு அடியில் தேட ஆரம்பித்தார். ஜெயசுதா மேசை மேலிருந்த ஷேட் கார்டு, பட்டன் டப்பா, கயிற்றுக் கடையிலிருந்து வந்து இன்னும் பிரிக்காமல் கிடந்த பொட்டலம் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். எதன் அடியிலும் இல்லை.

"ஸாம்பிள் போயிருச்சுங்களாண்ணா?"

"பதினோரு மணிக்கே பையிங் ஆபீசுக்குக் குடுத்து உட்டாச்சுங்க. ஒரு குறையும் இல்லீங்க."

சாப்பாட்டுக்குப் போயிருந்த பேக்கிங் இன்சார்ஜ் ரித்தீஷ் இரண்டு ஐம்பதுக்கு வந்தான். போன மாதம்தான் அதே மாதிரி லேப்டாப் வாங்கியிருந்தான். ஜெயசுதாவின் கண் அவன் பைக்குப் போனது. அவனும் அதைப் பார்த்தான்.

"குரூப்புல போட்டது என்னையுங்களா மேடம்?" பையை மேசையில் கவிழ்த்தான். டிபன் பாக்ஸ், சீப்பு, ஒரு வெள்ளை ஒயர். "இது என்ற போனுக்கு வந்தது. ரெண்டு பக்கமும் சின்ன முனைதான். அறுவது வாட்டுக்கு மேல தாங்காது. வேணும்னா எடுத்துக்குங்க, வேண்டாம்னா உடுங்க."

ஒயர் அடாப்டரிலும் சேர்ந்தது, லேப்டாப்பிலும் சேர்ந்தது. நான்குக்கு வந்திருந்த சார்ஜ் அங்கேயே நின்றது. ஏறவில்லை; இறங்கவும் இல்லை.

"கோவிச்சுக்காதீங்க ரித்தீஷ்," என்றாள் ஜெயசுதா, திரையைப் பார்த்தபடி.

மூன்று மணி. திரையில் ஒரு பாதியில் பையர். மறு பாதியில் பையருடைய உள்ளூர் பையிங் ஆபீஸ் தரணீதரன், சாம்பல் நிற ஸ்வெட்ஷர்ட்டை மாட்டிக்கொண்டு. பையர் கை காட்ட, தரணீதரன் தொப்பிக் கயிற்றை இரு பக்கமும் இழுத்தார். தொப்பி சுருங்கி அவர் மூக்கு மட்டும் தெரிந்தது. பையர் சிரித்தார், ஏதோ நீளமாகச் சொன்னார். அவருடைய இங்கிலீஷ், கம்பெனியில் யாருக்கும் பிடிபட்டதில்லை. தரணீதரன்தான் தமிழில் சொல்வது.

"ஸாம்பிள் அப்ரூவ்டுங்க மேடம். முக்கியமா இந்தக் கயிறு. மத்தவங்க எல்லாம் காட்டன் கயிறும் பிளாஸ்டிக் முனையும் போட்டு அனுப்புறாங்களாம். பன்னெண்டாயிரம் பீசுக்கும் அச்சு அசலா இதேதான் வேணும்னு எழுதிக்கச் சொல்றாருங்க."

ஆத்தப்பன் ஆறுமுகசாமியின் தோளில் தட்டினார். ஆறுமுகசாமி அடக்கமாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

தரணீதரன் கயிற்றின் முனையைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"நூறு டபிள்யூன்னு போட்டிருக்கே மேடம், இது என்ன சைஸுங்க?"