ஈரத்துண்டு

"ஏன் கொழுந்தனாரே, பச்ச ஒடம்புக்காரிய ஒரு நாளாச்சும் சும்மா விடுறதில்லையா?"

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் பாண்டீஸ்வரி ஆரம்பித்துவிட்டாள்.

கூடலூரிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் குமுளி மலை ஏறுகிற ஜீப் அது. ஓட்டுகிறவன் சுரேஷ்கண்ணன். அவன் வீட்டு வாசலில்தான் எல்லாரும் ஏறுவார்கள்.

அவனுக்குச் சோற்றுத் தூக்குவாளி கொடுக்க வெளியே வந்த அவன் பொண்டாட்டி முனீஸ்வரியின் தலையில் ஈரத்துண்டு. நேற்றும் ஈரத்துண்டு. முந்தாநாளும்.

புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்திருந்தால், விடிந்ததும் அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குள் போகவேண்டும். அந்தத் தெருவில் அது வழக்கம். யார் தலை ஈரம், யார் தலை காய்ந்தது என்று பார்க்கிறதற்கென்றே பாண்டீஸ்வரிக்குத் தனிக் கண்.

"வயித்து ஆபரேசன் பண்ணி மூணு மாசந்தேன் ஆகுது. தெனமும் தலைக்கு ஊத்த வச்சிருக்கீகளே, மனுசந்தானா நீங்க?"

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது.

"அதுக்கெல்லாம் ஆம்பளைக காலண்டரு பாக்க மாட்டாக ஆத்தா" என்றாள் ராமுத்தாய் தன் பங்குக்கு.

சுரேஷ்கண்ணன் சிரித்துக்கொண்டே சாவியைத் திருகினான்.

சாயங்காலம் அவன் வந்ததும் முனீஸ்வரி பிடித்துக்கொண்டாள்.

"மதினி அப்படி வையுறாக. நீங்க ஒரு வார்த்த திருப்பிச் சொல்லக்கூடாதா?"

"என்னன்னு சொல்லச் சொல்ற?"

அவள் அம்மாவும் அக்காவும் சினைப்பைப் புற்றில் போனவர்கள். ரத்தம் சோதித்துப் பார்த்த மதுரை டாக்டரம்மா, "உனக்கும் அந்தப் பரம்பரைக் கோளாறு இருக்கும்மா. ரெண்டு பிள்ளை பெத்துட்ட. நோய் வர்றதுக்கு முன்னாடியே சினைப்பையை எடுத்துரலாம்" என்றார். என் பிள்ளைகளுக்கு நான் வேணும் என்று இவளும் தைரியமாகத் தலையாட்டினாள். அதில் இன்றுவரை வருத்தமில்லை.

ஆனால் அன்றோடு மாதவிலக்கு நின்றது. ராத்திரியெல்லாம் உடம்பு தீயாய் எரியும். தலை வேர்த்து நனைந்துவிடும். விடிந்ததும் நாலு வாளி தண்ணீரைக் கோரி ஊற்றினால்தான் உயிர் வரும்.

தலை ஈரம் அதனால்தான். ஆபரேசனுக்குப் பிறகு ஒரே ஒருதரம் நெருங்கினார்கள். வலி தாங்காமல் அவள் அழுதாள். அன்றிலிருந்து அவன் விசிறிவிடத்தான் பக்கத்தில் வருகிறான்.

"உள்ளதச் சொன்னா என்ன?"

"உன் ஒடம்பு சங்கதிய ஜீப்புல வச்சுப் பேசச் சொல்றியா? என்னய வையட்டும். எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

சோற்றைப் போட்டுக்கொண்டே, மனசில் கிடந்ததை அவள் கேட்டேவிட்டாள்.

"எனக்கு ஆசையே வராமப் போச்சுன்னா?"

"டாக்டரம்மாட்டக் கேப்போம்."

"ச்சீ! இதையெல்லாமா கேப்பாக?"

"எடுத்தது அவுகதேன? அவுகளத்தேன கேக்கணும்?"

போனார்கள். முந்தானையைத் திருகிக்கொண்டே முனீஸ்வரிதான் கேட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"நிறையப் பேருக்கு வர்றதுதாம்மா. பாதிப் பேரு வெக்கப்பட்டுக்கிட்டுக் கேக்குறதே இல்ல" என்றார். சூட்டுக்கு மாத்திரை, வறட்சிக்குக் களிம்பு எழுதினார். அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, "அவசரம் வேண்டாம். ரெண்டு பேரும் மனசுவிட்டுப் பேசுங்க, அதுவும் மருந்துதான்" என்றார்.

வீரபாண்டித் திருவிழா முடிந்த வாரம். வாசலில் ஜீப் நின்றது. முனீஸ்வரி தூக்குவாளியோடு வந்தாள்.

துண்டு இல்லை. தலை காய்ந்திருந்தது.

"அப்பாடா!" என்று பாண்டீஸ்வரி கை தட்டினாள். "இன்னைக்காச்சும் இந்தப் புள்ளைய நிம்மதியாத் தூங்க விட்டாகளே! நான் வஞ்சது ஒறச்சிருக்கு பாரு!"

"ஆமா மதினி. எல்லாம் நீங்க வஞ்சதுதேன்" என்றாள் முனீஸ்வரி, முதல்தடவையாகத் தலை குனியாமல்.

ஜீப் கண்ணாடியில் சுரேஷ்கண்ணன் அவளையே பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வழக்கப்படி பார்த்தால், அவள் தலைக்கு ஊற்றியிருக்க வேண்டியது இன்றைக்குத்தான்.