இடுப்பு அளவு

"பாருங்களேன், இந்த ஜாக்கெட்டும் தொளதொளன்னு ஆயிடுச்சு!"

கண்ணாடி முன் நின்று மனைவி குதூகலித்தாள். டெய்லரான கணவரோ கவலையோடு காலண்டரைப் பார்த்தார். இன்று டாக்டரம்மா எடை பார்க்கும் நாள். "எடை குறையலைன்னா முழங்காலுக்கு ஆபரேஷன்தான்" என்று போன தடவையே கறாராகச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் என்றாலே அவளுக்குப் பயம்.

"ஜிம்மு கிம்மு எல்லாம் நமக்குச் சரிப்படாது. என் உடம்பை என் வழியில நான் பார்த்துக்கறேன்" என்று அன்றைக்கே அவளாக ஆரம்பித்தாள். கடையில் கொக்கி, பொத்தான் தைப்பது அவள் வேலை. ஊராருக்கெல்லாம் தைக்கும் கணவரின் சட்டைப் பொத்தான் அறுந்தாலும் அவள்தான் தைக்க வேண்டும். நூல்கண்டுப் பெட்டியைத் தூக்கி எதிர் மூலையில் வைத்தாள். நூல் வேண்டுமா, எழுந்து நட! தண்ணீருக்குச் சின்னஞ்சிறு தம்ளர், அடிக்கடி எழுந்து போய் நிரப்ப. போனில் அக்கா கூப்பிட்டால் கடைக்குள்ளேயே ஊர்வலம். சாப்பிட்டதும் தெருக்கோடி வரை ஒரு நடை.

"நீங்களும் வாங்களேன். உங்களுக்கும் சுகர் எட்டிப் பார்க்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நீ போயிட்டு வா."

ஒரு நாள் அவள் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். "கொஞ்சம்கூடக் குறைஞ்ச மாதிரி தெரியலைங்க. விட்டுடறேன்." கண் கலங்கியது.

அவருக்குத் தாங்கவில்லை. அவள் காய்கறி வாங்கப் போன நேரம், அவளுடைய ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்துத் துளி லூசாக்கி வைத்தார். மறுநாள் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெட்டி எதிர் மூலையிலேயே இருந்தது, நடையும் தொடர்ந்தது. அப்புறம் எங்கே நிறுத்துவது? ஒவ்வொரு ஜாக்கெட்டாகப் பிரித்துக்கொண்டே வந்தார்.

கொடுமை என்னவென்றால், அவருடைய பேன்ட் இறுக ஆரம்பித்தது. கொக்கி எட்டவே மாட்டேன் என்றது. பயந்துபோய்ச் சர்க்கரையை விட்டார். இரண்டாம் தடவை பரிமாறிக்கொள்வதை விட்டார். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே நடக்கவும் கிளம்பிவிட்டார்.

கிளினிக்கில் அவள் எடை மெஷினில் ஏறியபோது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாட்டினோம் என்று நினைத்தார்.

"அட, சபாஷ்!" என்றார் டாக்டரம்மா. "நல்லாவே குறைஞ்சிருக்கீங்களே! ஆபரேஷனை மறந்துடுங்க. இப்படியே தொடருங்க."

டெய்லருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

"என்னை மன்னிச்சிடும்மா. உன் ஜாக்கெட்டையெல்லாம் பிரிச்சு லூஸ் பண்ணது நான்தான். நீ மனசு விட்டுடக் கூடாதேன்னுதான் செஞ்சேன். ஆனா நீ நிஜமாவே இளைச்சிருக்கே!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்களும் ஏறுங்க சார்" என்றார் டாக்டரம்மா.

"நான் எதுக்கு டாக்டர்? நானே பூசணிக்காய் மாதிரி ஊதிட்டு வரேன்" என்று முனகிக்கொண்டே ஏறினார்.

"என்ன சார் இது! இவங்களைவிட நீங்கதான் அதிகமா இளைச்சிருக்கீங்க!"

"மெஷின் கெட்டுப்போச்சு டாக்டர்! மூச்சைப் பிடிச்சாத்தான் எனக்குப் பேன்ட்டே ஏறுது!"

அதற்கு மேல் மனைவியால் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"மெஷின் நல்லாத்தாங்க இருக்கு. டெய்லர் பொண்டாட்டிக்குப் பிரிச்ச தையல் தெரியாதா? முதல் ஜாக்கெட்டுலயே உங்க குட்டு தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு சாயங்காலமே உங்க பேன்ட்டையெல்லாம் இடுப்புல பிடிச்சுத் தைக்க ஆரம்பிச்சுட்டேன். வேற எப்படிங்க உங்களை நடக்க வைக்கிறது?"