அத்தை கட்டிலின் ஸ்க்ரூ

“அண்ணே, இந்த ஸ்க்ரூவை நான்தான் கொண்டு வந்தேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, நாலு ஸ்க்ரூக்களை மேசைமேல் கொட்டினாள் அவள்.

மோட்டார் ஹோம்களுக்கு உள்வேலை செய்கிற பட்டறை அது. கட்டில், அடுப்பு, அலமாரி என்று ஒரு முழு வீட்டையே வண்டிக்குள் அடக்கிவிடுவார் மெக்கானிக். அலமாரிக் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தவர், அதைக் கீழே வைத்துவிட்டு அவளையும் ஸ்க்ரூக்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நேத்தே உங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரேம்மா. வண்டியில அம்மாவோட கட்டில் ஒரு பக்கமா இறங்கிடுச்சு, ஸ்க்ரூவைக் காணோம்னாரு. அது ஸ்டாக் இல்லை, வர பதினஞ்சு நாள் ஆகும்னு சொல்லிட்டேனே.”

“அதான் நானே கொண்டு வந்துட்டேன். நாளைக்குக் காலையில பயணம். இன்னைக்கே வந்து மாட்டிக் குடுத்துடுங்க.”

“காணாமப் போனது உங்க கையில எப்படி வந்துச்சு?”

அவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “நான்தான் கழட்டினேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் பயணம். பத்து நாள். அவரும் அவளும் மட்டும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தாள். போன வாரம் சாப்பிடும்போது, “அம்மாவும் வரட்டுமே” என்று புருஷன் சாதாரணமாகச் சொல்லிவிட்டான். “தாராளமா” என்றது அவள் வாய். மனசு ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியில் இரண்டே கட்டில். நடுவில் ஒரு முழம் இடைவெளி. முந்தாநாள் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் வண்டிக்குள் நுழைந்து, மாமியார் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, அகப்பட்ட நாலு ஸ்க்ரூவைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டாள்.

“சரி, நினைச்ச காரியம்தான் முடிஞ்சுடுச்சே. அப்புறம் எதுக்கு இந்த அழுகை?” என்றார் மெக்கானிக்.

“எப்படி அண்ணே அழாம இருக்கறது? நேத்து அவரு அத்தையோட பெட்டியைக் கொண்டு போய் வச்சதும் கட்டில் அப்படியே இறங்கிடுச்சு. அத்தை ஒரு வார்த்தை கோவப்படலை. ‘விடுப்பா, நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்’னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிட்டாங்க. கதவு இடுக்கு வழியா பாத்தேன். சுவரைப் பாத்து உக்காந்திருக்காங்க, தோள் ரெண்டும் குலுங்குது.”

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“அந்த வண்டிக்கு நீலப் பூ போட்ட துணியில கர்ட்டன் அத்தனையும் அவங்கதான் தச்சாங்க. அவங்களைப் போய் இப்படி அழ வச்சுட்டேனே. எனக்குத்தான் மரை கழண்டு போச்சு.”

“மரை கழண்டா ஒரு சைஸ் தடிமனா போட்டு இறுக்கிடுவோம். மனுசங்களுக்குத்தான் அந்த வசதி இல்லை,” என்றபடி மெக்கானிக் ஒரு ஸ்க்ரூவை எடுத்தார். தலையைப் பார்த்தார், திருப்பி நுனியைப் பார்த்தார், தன் சுண்டுவிரலோடு வைத்து அளந்தார். மீசைக்கு அடியில் உதடு கோணியது.

“இதை எதால கழட்டினீங்க?”

“சமையல்கட்டுல கிடக்கற ஸ்க்ரூ டிரைவராலதான். மூக்கு கூட்டல் குறி மாதிரி இருக்குமே.”

“இது கட்டில் ஸ்க்ரூவே இல்லம்மா.”

“என்னது?”

“கட்டில் ஸ்க்ரூ என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். தலையில சதுரமா ஒரு குழி. அதுக்குன்னு சதுர மூக்கு டிரைவர் வேணும். உங்க வீட்டு டிரைவர் அதுல பிடிக்கவே பிடிக்காது. இது குட்டையா, தட்டைத் தலையா இருக்கு பாருங்க. மெல்லிசுப் பலகைக்குப் போடறது. கட்டிலுக்கு அடியில செருப்பு வைக்கற பெட்டி இருக்குல்ல, அதோட கதவு ஸ்க்ரூ.”

இரண்டு ராத்திரி கண் மூடாமல் அவள் தவித்ததெல்லாம் ஒரு செருப்புப் பெட்டிக்காக. சிரிப்பதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. நெஞ்சில் இருந்த பாரம் மட்டும் சட்டென்று இறங்கியது. இறங்கிய கையோடு சந்தேகம் வந்தது.

“அப்போ கட்டில் எப்படி இறங்குச்சு?”

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “அதைச் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேனே.”

“யாருக்கு? அவருக்கா?”

அவள் கண்ணில் மறுபடியும் நீர் கட்டியதைப் பார்த்ததும் மனுஷனால் தாங்க முடியவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னத் துணிப் பையை எடுத்து அவள் முன்னால் கவிழ்த்தார். நீளமாக ஆறு ஸ்க்ரூ விழுந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் சதுரமாக ஒரு குழி.

அவள் பையைப் பார்த்தாள். நீலப் பூ போட்ட துணி. ஓரமெல்லாம் அச்சடித்த மாதிரி பொடித் தையல்.

“தையல் மிஷினுக்குன்னு சொல்லி என்கிட்ட சதுர மூக்கு டிரைவர் வாங்கிட்டுப் போனாங்கம்மா. முந்தாநாள் மத்தியானம் அதைத் திருப்பிக் குடுக்க வந்தப்ப இந்தப் பையையும் குடுத்தாங்க. ‘என் பிள்ளையோட குறட்டையை இத்தனை வருஷம் கேட்டது போதும், பத்து நாளாவது வீடு எனக்கே எனக்குன்னு இருக்கட்டும். யார் கேட்டாலும் ஸ்டாக் இல்லைன்னு சொல்லிடு; நானா வரமாட்டேன்னு சொன்னா பாவம், மருமக மனசு ஒடஞ்சு போயிடுவா’ன்னு சொல்லிட்டு, தோள் ரெண்டும் குலுங்கக் குலுங்க ஒரே சிரிப்பு.”