வண்டியோட சஸ்பென்ஷன்

“சஸ்பென்ஷன் விஷயம் வீட்ல தெரியவே கூடாதுடா. இன்னும் விசாரிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. முடிவு தெரியற வரைக்கும் நீயும் வாயத் திறக்காத.”

குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, போனில் பேசும் கணவரின் குரல். அழுக்குத் துணியோடு அந்தப் பக்கம் வந்த கணக்கு டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். இந்த நேரத்தில் இந்த மனுஷனுக்கு வேலை போனால் என்ன கதி?

அவர் வெளியே வந்ததும் வழிமறித்தாள். “ஏங்க, எத்தனை நாளா மறைக்கிறீங்க?”

“என்னத்த?”

“சஸ்பென்ஷன். என் ரெண்டு காதாலயும் கேட்டேன்.”

அவர் துண்டை எடுத்து, ஈரமே இல்லாத முகத்தை நன்றாகத் துடைத்தார். பிறகு சிரித்தார்.

“அட, அது நம்ம வண்டியோட சஸ்பென்ஷன், டீச்சரம்மா. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுப் பாதை இருக்கில்ல, அதுல லேசா ஓட்டிப் பார்க்கணும்னு ஆசை. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாத்தி வண்டியக் கொஞ்சம் உசத்தணும். விலைதான் விசாரிக்கிறாங்க. உன்கிட்ட சொன்னா தையத்தக்கான்னு குதிப்பியேன்னு…”

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வகுப்பில் எந்தப் பிள்ளை பொய் சொன்னாலும் முழியைப் பார்த்தே பிடித்துவிடுகிறவள் அவள். ஆபீசுக்கும் காய்கறிக் கடைக்கும் போகிற வண்டிக்கு இந்தக் கூத்து எதற்கு என்று போன வருடம் ஒரே போடாகப் போட்டவளும் அவள்தான்.

இப்போது எல்லாம் புரிந்தது. கொஞ்ச நாளாகவே வண்டிச் சக்கரமெல்லாம் செம்மண். சாப்பாட்டுப் பைக்குள் காய்ந்த இலை. பாவம், ஆசையை அடக்க முடியாமல் திருட்டுத்தனமாகக் காட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்.

“மாத்திடுவோம்” என்றாள்.

“எதை?”

“சஸ்பென்ஷனத்தான். நாளைக்கு சனிக்கிழமைதானே, எனக்கும் லீவு.”

“இப்பத்திக்கு வேணாம்மா. பழசே கல்லு மாதிரி இருக்கு.”

“ஒரு வருஷமா மூக்கால அழுதது யாரு? நான் வேணாம்னா வேணும்பீங்க, வேணும்னா வேணாம்பீங்க. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இதே கதை.”

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நியாயமாகத்தான் சொன்னார். “லேசான கரடுமுரடுக்கு இதுவே தாராளமுங்க. உசத்தினா நல்ல ரோட்டுல தூக்கித் தூக்கிப் போடும்.”

“கேட்டியா? அவரே சொல்லிட்டாரு. வா, போலாம்” என்று கணவர் வாசல் பக்கம் திரும்பினார்.

“போடட்டும். எனக்கு இவர் சந்தோஷம்தான் முக்கியம். நீங்க கழட்டுங்க.”

மெக்கானிக் கணவரைப் பொறாமையோடு பார்த்தார். “கொடுத்து வெச்சவருங்க நீங்க.”

கொடுத்து வைத்தவரின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகப் போனவர் சீக்கிரம் திரும்புகிற வழியைக் காணோம். அதற்குள் பின்பக்கத்து ஸ்பிரிங் இரண்டும் தரைக்கு வந்துவிட்டன.

பெஞ்சில் அவர் விட்டுப்போன போன் அடித்தது. ஏதோ புது நம்பர். டீச்சர் எடுத்தாள்.

“சார் இல்லீங்களா? சஸ்பென்ஷன் கேன்சல் ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்கம்மா.”

உதிரிபாகக் கடைக்காரன்தான் என்று டீச்சருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “அதெப்படிங்க திடீர்னு கேன்சல் பண்ணுவீங்க? இங்க பாதி வண்டியக் கழட்டியாச்சு. விசாரிச்சப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”



“விசாரணை இன்னிக்குத்தாம்மா முடிஞ்சுது. சார் மேல தப்பில்ல, திங்கக்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லுங்க.”