முதுகில் ஒட்டிய சீன மருந்து

ஆஸ்பத்திரியிலிருந்து டென்மார்க்கின் ஹேர்னிங் நகரிலுள்ள வீட்டுக்குத் திரும்பிய தவராஜா, சப்பாத்தைக் கழற்றக் குனிந்து, நோகாமல் நிமிர்ந்தார்.

“பார்த்தியோ புஷ்பம்? சீன மூலிகையை ஜெல்லுக்குள்ள வைச்சுச் செய்த ஒட்டு மருந்து. டொக்டரே அசந்து போனா. ஆராய்ச்சிக்குப் போன ஒருத்தருக்கும் என்னைப் போல முதுகு சுகமாகேல்லையாம்.”

முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு போன புஷ்பராணி, சுவரைப் பிடித்தபடி கணவருக்குத் தேநீர் கொண்டுவந்தாள். அந்த ஆராய்ச்சியில் சேர அவளும் கேட்டிருந்தாள், எடுக்கவில்லை.

“கிழமைக்கு ஒருக்கா நீ முதுகில ஒட்டிவிடேக்கையே சூடு குபுகுபுவெண்டு ஏறும். மணமும் கொஞ்சம் தூக்கல்தான், சீன மூலிகையெல்லே. இதுதான் விஞ்ஞானம். நீயும் இருக்கிறாய், எண்ணெய் காய்ச்சிக்கொண்டு.”

புஷ்பராணி தேநீரை அவர் முன்னால் வைத்தாள்.

“உனக்காகவும் கதைச்சுப்போட்டு வந்திட்டன். அடுத்த முறை உன்னையும் எடுக்கினமாம்.”

“எனக்கு வேண்டாம். அந்த மருந்து கேக்காது.”

“ஒட்டிப் பாக்காமல் எப்பிடிச் சொல்லுவாய்?”

“ஒட்டிப் பார்த்தனான். ஆஸ்பத்திரியில உங்களுக்குத் தந்த ஒட்டு முழுக்க என்ர முதுகிலதான் கிடந்தது. நோ கொஞ்சமும் குறையேல்லை.”

தவராஜாவின் கை தானாக முதுகுக்குப் போனது.

“அப்ப என்ர முதுகில?”

“வெறும் பிளாஸ்டர். உள்ளுக்க நான் காய்ச்சின உள்ளிப்பூண்டு எண்ணெய், சுடச்சுட.”

அவர் தேநீரில் ஒரு மிடறு குடித்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“அந்த எண்ணெய் போத்தலில இன்னும் கிடக்கோ?”