பங்கு போட்ட ஓட்டம்

எடை குறைய ஓட்டமும் வேண்டும், பளு தூக்குவதும் வேண்டும் என்பதால் சுடர்க்கொடியும் அவள் கணவன் அன்புராஜும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஜோடிப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டால் ஒருவர் படும் பாடு இருவர் உடம்பிலும் சேரும். அவள் பளு தூக்கத் தூக்க அவன் கைகள் முறுக்கேறின. அவன் தினமும் கடற்கரையில் ஓடியும் அவள் மட்டும் இளைக்கவே இல்லை.

"உன் உடம்பு வாகு அப்படி," என்றான்.

ஒருநாள் காலை அவனுக்குத் தெரியாமல் அவளும் கடற்கரைக்குப் போனாள். நிஜமாகவே வியர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்தான். தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். துடிப்பு கொஞ்சமும் ஏறவில்லை. பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் பட்டை கட்டிய ஒரு பெண் சும்மா உட்கார்ந்தபடியே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

மனைவியைக் கண்டதும் அன்புராஜ் நின்றான். பெஞ்சில் இருந்தவளின் இரைப்பும் மெல்லத் தணிந்தது.

"ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தாரிணி. பாவம், மெலியணும்னு ஆசைப்பட்டா..."

"நான் ஆசைப்படலையா?"

சுடர்க்கொடி தன் பட்டையைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"அப்போ எனக்கு யாரு வெயிட் தூக்குவா?" என்று பதறினான்.

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அந்தக் கேள்வியில்தான் உடைந்தது. அழுதுகொண்டே நடந்தவள், கொஞ்ச தூரத்தில் ஓடத் தொடங்கினாள்.